பிளாவும் கிண்ணமும்

மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர்கள் உண்டதைப் பற்றி ஓரளவேனும் எழுதுகின்றனர். குடித்ததைப் பற்றி எழுதக் கூசுகின்றனர். எழுத நேர்ந்தாலும் நீதிபோதகரின் குரலிலோ கேலிக்காரரின் குரலிலோ இரண்டு வரி எழுதிவிட்டுக் கடந்து செல்கின்றனர். ஆனால் ஒரு மக்கட்கூட்டம் அன்றாடம் எதைக் குடித்தது, அதை ஆக்கித் தந்தவர் யார், அதற்காக அவருக்குக் கிடைத்தது என்ன என்னும் வினாக்கள் அற்பமானவை அல்ல. ஒரு சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளும் அதன் பாசாங்குகளும் சேர்ந்தே அந்தக் குடிகலத்தில் தெரிகின்றன.

பிரான்சிலும் இத்தாலியிலும் நாளாந்த உணவோடு வைன் அருந்துவது வழக்கம். சிவப்பு நல்லதா, வெள்ளை நல்லதா, மீனுக்கு எது, இறைச்சிக்கு எது என்று அங்குள்ளோர் மணிக்கணக்கில் வாதிடுவர். உலகம் அதனை ரசனை என்று மதிக்கிறது. இதே வாதம் நம்மிடையேயும் நடந்து வந்திருக்கிறது. ஆனால் அதற்கு ரசனை என்று பெயர் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

யாழ்ப்பாணக் கோட்டைக்கு எதிரே, பரவைக்கடலுக்கு அப்பால் தாழ்ந்து தெரிகின்ற சிறு தீவு மண்டைதீவு. பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவுப்பகுதிக்குச் செல்பவர் முதலில் மிதிக்கும் மண் அது. மழையை நம்பிய நெல்வயல், கரையோரத்து மீன்பிடி, இவை இரண்டும் கைவிட்ட காலத்தும் கைவிடாத பனை: இவையே அத்தீவின் பழைய வாழ்வு. மாலையில் வலையை உதறிக் காயவிட்டவர்களும் வயலிலிருந்து திரும்பியவர்களும் பனையடியில் கூடும்போது ஆண்பனைக் கள்ளா, பெண்பனைக் கள்ளா என்ற வாதம் எழும். பனங்கள்ளின் வீறு தென்னங்கள்ளுக்கு உண்டா என்பார் ஒருவர். தென்னங்கள்ளின் மென்மை உனக்கு எங்கே விளங்கப் போகிறது என்பார் மற்றவர். விடியலில் இறக்கிய இனிப்பான உடன்கள்ளை விரும்புவோர் ஒரு கட்சி. வெயிலேறிப் புளித்த பிறகே அது கள்ளு என்போர் மறு கட்சி. நண்டுக் குழம்புக்கு எது, சுட்ட மீனுக்கு எது, ஒடியற்கூழுக்கு முன்னதாகவா பின்னதாகவா என்று அந்த வாதம் நீளும். பாரிஸ் நகரத்து உணவுச்சாலையில் நடப்பதற்கும் இதற்கும் நாக்கின் அளவில் எந்த வேறுபாடும் இல்லை. வேறுபாடு வரலாற்றில் இருக்கிறது.

முதலில் தொழிலைப் பார்ப்போம். பனையில் ஆண் வேறு மரம், பெண் வேறு மரம். ஆண்பனையின் பாளை விரல்களைப் போன்ற கதிர்களை நீட்டும். பெண்பனையின் பாளை குரும்பைகளைத் தாங்கும். இரண்டையும் ஒரே விதமாகப் பக்குவப்படுத்த முடியாது. எந்தப் பாளையை எந்த நாளில் கட்டுவது, எவ்வளவு நசுக்குவது, எத்தனை நாள் சென்றபின் நுனியைச் சீவத் தொடங்குவது என்பவை நூலில் எழுதப்படாத அறிவு. ஒரு சீவு தடித்துவிட்டால் பாளை விரைவில் தீர்ந்துபோகும். மெலிந்துவிட்டால் சுரப்பு அடைபடும். தளைநாரைக் காலில் மாட்டி, பாளைக்கத்தியை இடுப்பில் செருகி, காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறி இறங்கும் உழைப்பாளியின் கைவிரல்களில்தான் இந்த அறிவு வாழ்ந்தது. காற்று மாறினால் கள்ளின் குணம் மாறும் என்பதை அவன் அறிவான். எந்த மரத்துக் கள்ளு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவனும் அவனே. கால் வழுக்கினால் உயிரோ இடுப்போ போய்விடும் என்பதும் அவனுக்குத் தெரியும். அது தெரிந்தே நாள்தோறும் ஏறினான்.

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது கருப்பநீர். தமிழகத்தார் அதனைப் பதநீர் என்பர். அதைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கிக் குட்டானில் அடைப்பார்கள். சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் இறங்குவது கள்ளு. காற்றிலும் முட்டியிலும் வாழ்கின்ற மதுவம் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு அதனை மதுவாக்குகிறது. திராட்சைச் சாற்றை வைனாக்குவதும் இதே மதுவம்தான். இயற்கை இரண்டுக்கும் ஒரே விதியைத்தான் வகுத்திருக்கிறது. ஆனால் வைனில் மதுச்சாரம் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவில் நிற்க, கள்ளில் அது ஐந்து அளவிலேயே நிற்கிறது. வைனை மிடாவிலும் போத்தலிலும் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். கள்ளின் ஆயுள் ஒரு நாள். மறுநாள் அது காடியாகப் புளித்துவிடும்.

இந்தச் சிறிய வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்த வேண்டும். இரண்டு பானங்களின் சமூக வரலாறும் பிரிவது இந்த இடத்தில்தான். சேமிக்கக்கூடிய பொருளே வாணிபப் பொருளாகும். வைன் கப்பலேறியது, வயதாக ஆக விலையேறியது, வணிகனும் பிரபுவும் அதில் முதலிட்டனர், அதைச் சுற்றி நூல்களும் சடங்குகளும் வளர்ந்தன. பதுக்க முடியாத கள்ளு மரத்தடியிலேயே பிறந்து மரத்தடியிலேயே முடிந்தது. ஏழையின் கையிலிருந்து அயலவனின் கைக்கு, அன்றைக்கன்றே போய்ச் சேர்ந்தது.

இந்தப் பிரிவு நமது பழைய இலக்கியத்திலேயே தெரிகிறது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் வார்த்துத் தரப் பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழ வேண்டும் என்று நக்கீரர் வாழ்த்துவதைப் புறநானூற்றில் காண்கிறோம். அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மோர்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாடுகளின் கூரடிச் சாடிகளுடைய உடைந்த துண்டுகள் கிடைத்தன. அச்சாடிகளிற் பல வைன் ஏற்றி வந்தவை. ஆகவே நக்கீரரின் கூற்று வெறுங் கற்பனை அன்று. அரசன் குடித்தது கடல் கடந்து வந்த பொருள். அதே புறநானூற்றில் அதியமான் இறந்தபோது ஔவையார் அழுவதையும் காண்கிறோம். அவன் கொடையை நினைக்கும் ஔவைக்கு முதலில் நினைவுக்கு வருவது, கொஞ்சம் கள்ளு கிடைத்தால் அதைத் தமக்கே தந்துவிடும் அவனுடைய இயல்புதான். இரு பாடல்களிலும் குடிப்பவன் தலைவனே. ஆயினும் பொற்கிண்ணத்தில் ஏவலும் ஏற்றமும் இருக்கின்றன. கள்ளில் பகிர்வு இருக்கிறது. பிற்காலத்தில் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அந்த எச்சரிக்கையில் உள்ள உண்மையை நாம் மறுக்கவில்லை. அதற்குப் பின்னர் வருவோம்.

தீவுப்பகுதியும் உலக வாணிபத்துக்கு அந்நியமானது அன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகரையும் உடைந்த கப்பல்களின் பொருளையும் பற்றிப் பேசுகிறது. மண்டைதீவை அடுத்த அல்லைப்பிட்டியில் சீனத்துச் சொங் காலத்து மட்கலங்கள் அகப்பட்டன. கலங்கள் வந்தன, போயின. பனைமரமோ நின்ற இடத்தில் நின்றது.

1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரோடு முந்திரிகை இரசம் இந்த மண்ணுக்கு ஒரு புதிய மதிப்போடு வந்தது. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சைக் கனியிலிருந்து ஆன இரசமே வேண்டும், வேறெதுவும் ஆகாது. மண்டைதீவுக் கரையில் வேதத்தில் சேர்ந்த மீனவரும் பீடத்தின் மேலிருந்த கிண்ணத்தைப் பார்த்திருப்பர். ஆனால் அவர் வீட்டு முற்றத்துப் பானம் பனையிலிருந்தே இறங்கியது. 1658இல் வந்த ஒல்லாந்தர் நெடுந்தீவை டெல்வ்ற் என்றும் காரைதீவை அம்ஸ்ரடாம் என்றும் வேலணையை லெய்டன் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களால் அழைத்தனர். தீவுகளுக்குப் பெயர் மாற்ற முடிந்த அவர்களால் தீவாரின் நாக்கை மாற்ற முடியவில்லை. எனினும் ஐரோப்பியர் ஒரு சொல்லை விட்டுச் சென்றனர். யாழ்ப்பாணத் தமிழில் கள்ளுக்கடைக்கு வழங்கும் தவறணை என்னும் சொல் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. சொல்லோடு ஒரு முறையும் வந்தது: பனையடியில் நடந்த கொடுக்கல் வாங்கல் கடையாகியது, கடை குத்தகையாகியது, குத்தகை அரசின் வருமானமாகியது.

பிரித்தானியர் காலத்தில் இந்த முறை முழு உருவம் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயக் குத்தகை இலங்கை அரசின் வருவாய்க்கு ஒரு பெருந்தூண். கள்ளைச் சேமிக்க முடியாது என்றோம். ஆனால் அதை வடித்துச் சாராயமாக்கிவிட்டால் சேமிக்கலாம், ஏற்றலாம், ஏலம் கூறலாம். ஆகவே முதலாளி கண் வைத்தது கள்ளின் மேலன்று, சாராயத்தின் மேல். 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டமும் அதையொட்டித் திறக்கப்பட்ட புதிய கள்ளுத் தவறணைகளும் தெற்கே பெரும் மதுவிலக்குக் கிளர்ச்சியைத் தூண்டின. அந்தக் கிளர்ச்சியில் அந்நிய ஆட்சிக்கு எதிரான நியாயமான கோபம் இருந்தது. வடக்கிலும் மிசனரிமாரும் சைவப் பெரியாரும் மதுவுக்கு எதிராகப் பிரசாரம் செய்தனர். ஆனால் மேடையேறியவர் குடிப்பவனைப் பற்றிப் பேசினரேயன்றி, மரத்திலேறியவனின் கூலியைப் பற்றிப் பேசினாரல்லர்.

அவனுடைய நிலை என்ன? மரம் நிலவுடைமையாளனுக்கு உரியது. அதற்குக் குத்தகை கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் நிலவிய மரவரி முறையின் கீழ், சீவுகின்ற மரங்களுக்கு அரசுக்கு வரி செலுத்தி அனுமதி பெறவும் வேண்டும். அனுமதி பெறாத மரத்தில் சுண்ணாம்பு தடவாத முட்டி தொங்கினால் அது குற்றம். ஆக, தன் உயிரைப் பணயம் வைத்துச் சுரக்க வைத்த சாற்றில் ஒரு பங்கு நிலத்துக்கும் ஒரு பங்கு அரசுக்கும் போக, எஞ்சியதே அவனுக்கு. இவற்றுக்கெல்லாம் மேலாக அவன் தலையில் இன்னொரு வரி இருந்தது. அது பிறப்பு வரி.

மரமேறும் தொழில் யாழ்ப்பாணச் சமுதாயத்தில் நளவர், பள்ளர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள்மீது பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்டது. பஞ்சமர் என்ற பட்டியலில் அவர்களும் அடங்கினர். கோயிலுக்குள் போக முடியாது. நல்ல தண்ணீர்க் கிணற்றில் அவர்கள் கயிறு விட முடியாது. மற்றவர் அள்ளி ஊற்றும் வரை குடத்தோடு காத்திருக்க வேண்டும். 1950களிலும் 1960களிலும்கூடத் தேநீர்க் கடைகளில் அவர்களுக்கு இருக்கை வேறு, குவளை வேறு. இனி, அதே ஊரின் பனையடிக்கு வாருங்கள். வெட்டிய குருத்தோலையைக் கோலி மடித்து ஒரு குடிகலம் செய்வார்கள். அதன் பெயர் பிளா. அதன் இரு காதையும் பிடித்துக்கொண்டு நிற்க, சீவல் தொழிலாளி தன் முட்டியிலிருந்து கள்ளை வார்ப்பான். குடித்ததும் பிளாவை எறிந்துவிடலாம். பச்சை ஓலையின் மணம் கள்ளில் ஏறும். கழுவ வேண்டிய தொல்லையும் இல்லை. எளிமையான, அழகான கலம். ஆனால் ஒருவர் கலம் மற்றவர் கையிலோ வாயிலோ படாமல் குடிப்பதற்கு அதைவிட வசதியான கருவியும் வேறில்லை என்பதை நாம் கவனிக்கத் தவறக்கூடாது.

அவன் கையால் கட்டிய முட்டி; அவன் கத்தியால் சீவிய பாளை; அவன் விரல்பட்டு இறங்கிய சாறு. அதைக் குடித்த உயர்குலத்தார் வீட்டுக் கிணற்றில் அவன் ஒரு வாளி நீர் அள்ளினால் கிணறு தீட்டுப்பட்டுவிடும். தண்ணீருக்குத் தீட்டு உண்டு, கள்ளுக்குத் தீட்டு இல்லை. சாதி ஆசாரம் என்பது தூய்மையைப் பற்றிய கொள்கை என்று இன்றும் வாதிடுவோர் இந்த ஒரு முரண்பாட்டுக்கு விடை சொல்லட்டும். நல்ல நீர் அரிதான தீவு மண்ணில் கிணறு என்பது அதிகாரம். அதை இழக்க உடைமையாளர் விரும்பவில்லை. கள்ளோ அவர்களுக்குத் தேவையான பண்டம். அதை இழக்கவும் அவர்கள் விரும்பவில்லை. நலன் எங்கே முடிகிறதோ அங்கேதான் தீட்டு தொடங்குகிறது.

இந்த முரண்பாட்டை உடைத்தவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களே. 1943இல் தோன்றிய அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை நீண்ட காலம் உரிமைக்குரல் எழுப்பியது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் ஏட்டில் இருந்தது. குவளை வேறாகவே இருந்தது. 1966 அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தடியடியைத் தாங்கி முன்னேறியது. அதனைத் தொடர்ந்து தேநீர்க் கடைகளிலும், 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலிலும் போராட்டங்கள் நடந்தன, உயிர்ப்பலிகளும் நேர்ந்தன. ஒரு குவளைத் தேநீரைச் சமமாக அருந்தும் உரிமைக்காக மனிதர் உயிர் கொடுத்தனர் என்பதை இன்றைய மாணவர் அறிந்திருக்க வேண்டும். ஊருக்குக் குடிக்கக் கொடுத்தவனுக்கு ஊரில் குடிப்பதற்கு ஒரு கலம் இல்லாதிருந்தது என்பதே அதன் பொருள்.

1972இல், என்.எம். பெரேரா நிதியமைச்சராக இருந்த காலத்தில், சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. மரவரியின் இடத்தில் சங்கத் தவறணை வந்தது. குறைகள் எத்தனையோ இருந்தாலும், தான் இறக்கிய கள்ளுக்கு அளவும் விலையும் கேட்கும் உரிமையைத் தொழிலாளி முதன்முறையாகப் பெற்றான். 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. வடமராட்சியில் திக்கம் வடிசாலை எழுந்தது. கள்ளைப் போத்தலில் அடைத்து ஆயுளை நீட்டும் முறையும் வந்தது. ஒரு நாள் வாழ்ந்த பானத்துக்கு விஞ்ஞானம் மாதங்களைக் கொடுத்தது. அந்த மாதங்களின் இலாபம் சங்கத்துக்கா தனியாருக்கா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

பின்னர் போர் வந்தது. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியைக் கைப்பற்றியபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் மக்கள் சிதறினர். கைது செய்து கொண்டுசெல்லப்பட்ட இளைஞர் பலர் திரும்பவில்லை. வடக்கெங்கும் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் பனைகள் தறிக்கப்பட்டன. நட்டவன் பயன் காணக் காத்திருக்கும் மரம் பனை. அதை ஒரு நாளில் தறித்துவிடலாம், ஒரு தலைமுறையில்தான் மீட்கலாம். தீவுகளை விட்டுப் போனவர்களிற் கணிசமானோர் பிரான்சு வரை சென்றனர். பாரிஸில் லா சப்பல் பகுதி தமிழர் தெருவானது. உணவுச்சாலைகளின் சமையலறையில் வேலை செய்த நம்மவர் பலர், சிவப்பும் வெள்ளையும் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணங்களை நள்ளிரவு வரை கழுவினர்.

அந்தக் கிண்ணத்துக்குப் பின்னாலும் ஓர் உழைப்பாளி நிற்கிறான். வெள்ளை வைனுக்குப் பெயர்பெற்றது மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்குள்ள திராட்சைக் குடியானவர்களின் வறுமையைப் பற்றி 1843 சனவரியில் இளம் பத்திரிகையாசிரியராக இருந்த கார்ல் மார்க்ஸ் எழுதினார். பொருளாதாரக் கேள்விகளை நோக்கித் தம்மைத் திருப்பியவற்றுள் அந்த விவகாரமும் ஒன்று என்று 1859இல் அவரே நினைவுகூர்ந்தார். சிவப்பு வைன் பெருகும் தென்பிரான்சில் 1907ஆம் ஆண்டு கலப்பட வைனும் விலைவீழ்ச்சியும் திராட்சை விவசாயிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. சூன் 9ஆம் நாள் மொம்பெலியே நகரில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். நார்போன் நகரில் படையினர் மக்களைச் சுட்டபோது, அந்த மண்ணின் பிள்ளைகளே நிறைந்திருந்த 17ஆம் காலாட்படை கலகம் செய்தது. கலப்படத்துக்கு எதிரான சட்டம் அந்த மாதமே வந்தது. 1935இல் இன்ன ஊரின் வைனுக்கு இன்ன ஊரின் பெயரே உரியது என்று காக்கும் முறையும் சட்டமாயிற்று. பிரெஞ்சுக்காரனின் ரசனை வானத்திலிருந்து விழவில்லை. தன் விளைச்சலின் பெயரையும் மதிப்பையும் அங்குள்ள உழவன் போராடிப் பெற்றான். நமது சீவல் தொழிலாளியோ தன் பண்டத்தின் மதிப்புக்காகப் போராடுவதற்கு முன், தான் மனிதன் என்று மெய்ப்பிக்கவே அரை நூற்றாண்டைச் செலவிட வேண்டியிருந்தது.

குடியின் கேட்டை மறைத்து இதை எழுதவில்லை. கூலி முழுவதையும் தவறணையில் விட்டு வெறுங்கையோடு போன ஆண்களால் பெண்களும் பிள்ளைகளும் பட்ட துயரம் கற்பனையன்று; வள்ளுவரின் கவலை இன்றும் உயிருள்ளது. ஆனால் விலக்கின் பெயரால் நடந்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். தமிழகத்தில் 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் அது தளர்த்தப்பட்டது; பின்னர் திரும்பியது; 1987 சனவரி முதல் கள்ளுக்குத் தடை விழுந்தது. தொழிற்சாலையில் ஆன கடும் மதுவை விற்க 1983இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் 2003இல் சில்லறைக் கடைகளையும் தானே ஏற்றது. ஐந்து பங்கு சாரமுள்ள பனஞ்சாறு குற்றமாயிற்று. நாற்பது பங்கு சாரமுள்ள போத்தல் வருமானமாயிற்று. இதில் ஒழுக்கம் எங்கே, வாணிபம் எங்கே என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும். சேமிக்க முடியாதது ஏழைக்கு, சேமிக்க முடிந்தது முதலுக்கு என்ற பழைய விதிதான் புதிய உடையில் நிற்கிறது.

என் சுவை யாதெனக் கேட்பவருக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். விடியலில் இறக்கிய பனை உடன்கள்ளு, ஒரு பிளா, அதற்கு மேல் வேண்டாம். சிவப்பு, வெள்ளை வைன்களின் நயத்தையும் நான் பழிக்கவில்லை. அவை வேறு மண்ணின் உழைப்பாளரின் கைத்திறன். ஆனால் நாவின் சுவை என்பது குடிப்பவனின் தனிச்சொத்து அன்று. பாளையின் பக்குவம் அறிந்த விரல்கள் இல்லையேல் பாராட்டும் நாவுக்கு வேலையில்லை. மண்டைதீவில் திரும்பிவந்து குடியேறியவர்களின் முற்றங்களில் வடலிகள் மறுபடி எழுகின்றன. அவை பாளை தள்ளும் காலத்தில் மரமேற யாராவது வருவார்களா என்று கவலைப்படுவோர் இருக்கிறார்கள். ஏறுகின்றவனுக்கு உயிர்க்காப்பும் நியாய விலையும் இருக்குமா, அவன் பிள்ளை எந்தப் பள்ளியிலும் எந்த வாங்கிலும் தலைநிமிர்ந்து உட்காருமா, வார்த்துவிட்டு ஒதுங்கி நிற்காமல் அவனும் நம்மோடு இருந்து ஒரே கலத்தில் குடிப்பானா என்று கேட்போம். அந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று விடை சொல்லக்கூடிய ஊரில் மரமேற ஆள் இல்லாமற் போகாது.